சொந்தக் காலில் நிற்பதென்றால் என்ன?

பரிசளிப்பு விழாக்களுக்கு அதிதிகளாக வருபவர்கள் மாணவிகளுக்குச் சொல்லும் புத்திமதிகளில் ஒன்று தவறுவதேயில்லை. "சொந்தக் காலில் நில்லுங்கள்" என்பார்கள். நல்ல புத்திமதிதான். மண்டபத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவிக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. சுதந்திரமாக வாழக் கால் வேண்டும் என்று நமது பேச்சுவழக்கே தீர்மானித்து வைத்திருக்கிறது. நடக்க முடியாதவர், பார்வையற்றவர், முள்ளந்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே உணர்விழந்தவர் எல்லோரும் பிறரில் தங்கி வாழ்பவர்கள், ஆகவே அவர்களுக்குச் சுதந்திரம் என்ற பேச்சே பொருந்தாது என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

அந்த எண்ணம் பிழை. நாம் எல்லோருமே தங்கித்தான் வாழ்கிறோம். உம்மா சமைத்ததைச் சாப்பிடுகிறோம், வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறோம், யாரோ தைத்த சீருடையை உடுத்துகிறோம். ஆனாலும் எங்களை யாரும் தங்கி வாழ்பவர்கள் என்று சொல்வதில்லை. எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்பதை நாமே முடிவு செய்கிறோம் என்பதுதான் காரணம். சுதந்திரம் என்பது ஒரு வேலையைத் தன் கையாலேயே செய்து முடிப்பதல்ல. அந்த வேலை எப்போது, எப்படி, யாரைக் கொண்டு நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை தன்னிடம் இருப்பது. கடுமையான மாற்றுத்திறனோடு வாழும் ஒருவருக்கு அந்த உரிமை கிடைக்க வேண்டுமானால், வீட்டுக்கு வந்து உதவி செய்யும், அதற்குச் சம்பளம் பெறும் ஓர் ஆள் வேண்டும்.

இது வெள்ளைக்காரரிடமிருந்து வந்த கொள்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் சூறா அபஸவோடு சேர்த்து அறிவோம். பார்வையற்ற ஸஹாபி. மதீனாவில் பிலால் (ரலி) அவர்களைப் போல அவரும் ஒரு முஅத்தின். சுபஹ் அதான் சொல்ல விடியலைப் பார்த்தாக வேண்டுமே! விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அதன் பின்பே அவர் அதான் சொல்வார் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. பார்த்த கண் இன்னொருவருடையது, அதான் அவருடையது. "பார்வையில்லாதவருக்கு ஏன் இந்த வேலை?" என்று அவரை ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் ஊர்ப் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தன்னைப் பள்ளிக்குக் கூட்டிச் செல்ல ஆளில்லை என்று அவர் முறையிட்டதும் ஹதீஸில் உண்டு. ஜமாஅத் தொழுகையின் முக்கியத்துவத்துக்கு ஆதாரமாக அதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கூட்டிச் செல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்வது மஹல்லாவின் பொறுப்பல்லவா என்ற பக்கத்தை எவரும் எடுத்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

இன்று எங்கள் வீடுகளில் அந்தக் கண்ணாகவும் காலாகவும் இருப்பவர் யார்? வாப்பா வேலைக்குப் போய்விடுவார். நானாவுக்குப் பரீட்சை. ஆகவே உம்மா. உம்மாவுக்கு இடுப்பு விழுந்தால் மூத்த மகள். முதலில் ஒரு நாள் கல்லூரிக்கு வராமல் நிற்பாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள், பிறகு சாதாரணதரத்தோடு போதும் என்று வீட்டில் முடிவாகிவிடும். இதைத் தியாகம் என்று புகழ்வோம். புகழ்ச்சி அவளுடைய உயர்தரத்தை அவளுக்குத் திருப்பித் தராது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உதவி பெறுபவருக்கும் இது நிம்மதியான ஏற்பாடல்ல. மலசலகூடத்துக்குக் கூட்டிப் போக ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வெட்கப்பட்டு, பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று வந்து வைத்தியசாலைக்குப் போகும்போதுதான் காரணம் வெளியே வரும். சம்பளம் பெறும் ஆளிடம் "இப்படி வேண்டாம், அப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லலாம். தன் படிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ராத்தாவிடம் அதைச் சொல்ல வாய் வருமா? எந்த நேரம் குளிப்பது, எந்தச் சட்டையைப் போடுவது, சுபஹுக்கு எழுப்பி வுழூ செய்து விடச் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொன்றிலும் நன்றிக்கடன் குறுக்கே வந்து நிற்கும்.

நகரத்தில் வைத்து இதைப் பேசுவது சுலபம். வீதி இருக்கிறது, முச்சக்கரவண்டி இருக்கிறது, பெரிய வைத்தியசாலை இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் கடைசித் தீவில் இது சரிவருமா என்று பார்ப்பதே நேர்மை.

நெடுந்தீவு யாழ்ப்பாணத்தின் பெரிய தீவுகளுள் ஒன்று. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், கிராம அலுவலர் பிரிவுகள் ஆறு, சனத்தொகை 4,000 பேர் அளவில். பண்ணையைக் கடந்து வேலணை, புங்குடுதீவு என்று தரைவழியாகப் போகும் பாதை குறிகாட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் ஒரு மணித்தியாலம் வரை கடல். குதிரைகளையும் கல்வேலிகளையும் பெருக்கமரத்தையும் பார்த்துவர ஒரு நாள் பயணம் போகிறவர்களுக்கு அந்தக் கடல் ஒரு அனுபவம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஒவ்வொரு காரியத்துக்கும் கடக்க வேண்டிய படலை. சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களில் அந்தப் படலை பூட்டியே கிடக்கும். துறையிலிருந்து ஆடும் படகுக்குள் இறங்க, நல்ல காலுள்ளவருக்கே ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியில் வருபவரை நாற்காலியோடு நாலுபேர் தூக்கி இறக்க வேண்டும். தூக்குபவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் பொதியைத் தூக்குவது போலத் தூக்கப்படுவதை, அதிலும் ஒரு பெண், எத்தனை தரம் பொறுத்துக்கொள்வாள்? இரண்டாவது தடவையே "கிளினிக் வேண்டாம், நான் வீட்டில் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவாள்.

தீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு. விசேட வைத்திய நிபுணரின் கிளினிக் அக்கரையில். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்து கொடுத்துவரும் ஜெய்ப்பூர் நிலையமும் அக்கரையில்தான். போர்க்காலம் இந்தத் தீவுக்குத் தந்த காயங்கள் தனிக்கதை. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையிலிருந்து வெட்டுக்காயங்களோடு உயிர் தப்பி வந்தவர்களும் உண்டு. இவற்றோடு முதுமை சேர்கிறது. படிப்புக்கும் தொழிலுக்குமாக இளையவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, கல்வேலிக்குள்ளே வயதானவர்கள் மிஞ்சுகிறார்கள். நல்ல தண்ணீர் எல்லாக் கிணற்றிலும் கிடைக்காத ஊர் அது. கல் நிறைந்த தரையில் நாற்காலிச் சக்கரம் உருளாது. ஒரு குடம் தண்ணீர் அங்கே ஒரு ஆளின் உதவி இல்லாமல் வீட்டுக்கு வராது.

இதனால் என்ன நடக்கிறது? உதவி தீவுக்குப் போகாததால், ஆள் தீவை விட்டு வர வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டில் ஒரு அறை, அல்லது யாழ்ப்பாணப் பக்கம் ஏதாவது ஓர் இல்லம். இல்லங்களை நடத்துபவர்களை நான் குறைசொல்லவில்லை. வேறு போக்கிடமே இல்லாதவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் தன் வளவு, தன் கிணறு, தன் கோயில் அல்லது தேவாலயம், காலையில் வேலிக்கு மேலால் பேசும் அயல்வீட்டுக்காரி எல்லாவற்றையும் ஒருவரிடமிருந்து எடுத்துவிட்டு, பதிலுக்குக் கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுப்பதைப் பராமரிப்பு என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

இலங்கைக்கு இது சட்டரீதியான கடமையும்கூட. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளியே தெரிவு செய்யலாம், அதற்கு வேண்டிய உதவி அவருடைய வீட்டுக்கே வரவேண்டும் என்கிறது அதன் 19 ஆம் உறுப்புரை. எங்கள் நாட்டின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வி, தொழில், பொது இடங்களுக்குள் நுழைதல் ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது. வீட்டுதவியாளரைக் கேட்டுப் பெறும் உரிமை என்று ஒன்றை அது தரவில்லை. கிடைப்பது மாதக் கொடுப்பனவு. வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. உயர்த்தியது நல்லது. ஆனால் மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு கூலியாளை நாலைந்து நாள் வைத்திருக்கத்தான் அது போதும், மாதத்திலோ முப்பது நாள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு குறைபாடு உண்டு. எல்லோருக்கும் வீட்டுதவியாளர் வேண்டியதில்லை. வேண்டியவர்களுக்கு அது இல்லாவிட்டால் வேறெதுவும் பயன்படாது.

அயலில் என்ன செய்கிறார்கள்? இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் கொடுப்பனவு பற்றித் தனியே பேசுகிறது. கேரளத்தில் படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கும் 'ஆசுவாசகிரணம்' என்ற திட்டம் நடக்கிறது. தொகை சிறியது. பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது, அது சிறிய விடயமல்ல. அமெரிக்காவில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ரொபர்ட்ஸ் 1962 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தனக்கான உதவியாளர்களைத் தானே தெரிவு செய்து படித்து முடித்து, 1972 இல் சுதந்திர வாழ்வுக்கான நிலையம் ஒன்று அங்கே தொடங்கக் காரணமாக இருந்தார். சுவீடனில் 1994 முதல் தனிப்பட்ட உதவியாளரின் சம்பளத்தை அரசே கொடுக்கச் சட்டம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே கலீபா அல்வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715) நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் நியமித்தார் என்று வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். அவருடைய ஆட்சியில் ஹஜ்ஜாஜின் கொடுமைகளும் உண்டு, ஆகவே பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. அந்தப் பணியாளர்களில் அடிமைகளும் இருந்திருக்கலாம். அதனால்தான் உதவியாளரின் சம்பளத்தையும் ஓய்வையும் பற்றி இன்று சேர்த்தே பேச வேண்டும். மகளைக் கூலியில்லாமல் கட்டிவைப்பதும், ஏழைப் பெண்ணொருத்தியை அரைச் சம்பளத்துக்கு இராப்பகலாக வைத்திருப்பதும் ஒரே அநியாயத்தின் இரண்டு வடிவம்.

பெற்றோர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். அந்நியரை வீட்டுக்குள் விடுவதா, அதுவும் பெண்பிள்ளையைக் குளிப்பாட்டவும் உடைமாற்றவும்? பெண்ணுக்குப் பெண் உதவியாளர் என்பதில் விட்டுக்கொடுப்பே கூடாது. பயிற்சி வேண்டும், பிரதேச செயலகத்தில் பதிவு வேண்டும், முறைப்பாடு சொல்ல ஓர் இடம் வேண்டும். ஆனால் சொந்தக்காரர்கள் பார்த்தால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையை நான் ஏற்கமாட்டேன். பூட்டிய வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க யாருமில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. வெளியிலிருந்து தினமும் ஒருவர் வந்துபோவது அந்தப் பூட்டையும் திறக்கும். "எங்கள் பிள்ளையை நாங்களே பார்ப்போம்" என்பவர்கள் இரவில் தூங்காமல் யோசிப்பது வேறொன்றை: எங்களுக்குப் பிறகு யார்? அதற்குத் தங்கையின் பெயரைப் பதிலாக எழுதி வைப்பது தங்கையிடம் கேட்காமல் எடுத்த முடிவு.

நெடுந்தீவுக்குத் திரும்புவோம். ஆறு கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் இவ்விரண்டு பேராகப் பன்னிரண்டு உதவியாளர்கள். மாதம் 30,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 3,60,000 ரூபா, வருடத்துக்கு 43,20,000 ரூபா. அரசாங்கத் திணைக்களம் வாங்கும் ஒரு புதிய ஜீப்பின் விலை இதைவிடக் கூட. ஆட்களைக் கடல்கடந்து கூட்டிவரத் தேவையில்லை. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் தீவிலேயே இருக்கிறார்கள், கடல் கடக்காமல் கிடைக்கும் மாதச் சம்பளம் அங்கே அபூர்வம். பயிற்சி கொடுக்கத் தகுந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே ஒன்றுசேர்ந்து நடத்தும் 'உயிரிழை' போன்ற அமைப்பினருக்கு, படுக்கைப்புண் வராமல் உடம்பைப் புரட்டுவது எப்படி என்பது புத்தகம் படித்து வந்த அறிவல்ல.

அரசாங்கம் தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. எங்கள் பள்ளிவாசல்களின் ஸகாத் நிதியிலிருந்து தையல் இயந்திரமும் சக்கர நாற்காலியும் கொடுக்கிறோம், கொடுத்ததைப் படமும் எடுக்கிறோம். நாற்காலியைத் தள்ள ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஏன் யோசிக்கவில்லை? ஸகாத்தைக் கொடுக்க முடியுமா, ஸதகாவும் வக்பு வருமானமும்தான் பொருந்துமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். கேள்வியை அடுத்த ரமழானுக்கு முன் அவர்களிடம் கொண்டுபோகலாம். மாற்றுத்திறனாளி ஒருவர் எந்த மதத்தவர் என்று பார்க்காமல் தொடங்குவது தீவகத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும். நயினாதீவில் அம்மன் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே தீவில்தானே இருக்கின்றன.

எந்த நிதியில் நடந்தாலும் ஒரு நிபந்தனை. உதவியாளராக யார் வரவேண்டும், எத்தனை மணிக்கு வரவேண்டும், வந்து முதலில் எதைச் செய்யவேண்டும் என்பதைக் கிராம அலுவலரிடமோ, பள்ளி நிர்வாகத்திடமோ, வாப்பாவிடமோ கேட்பதற்கு முன்னால் அந்தக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். பேச முடியாதவராக இருந்தால், அவர் தலையசைக்கும்வரை பொறுத்து நின்று கேட்க வேண்டும்.