பருத்தி வரிக்கு ஒரு காலண்டர் வேண்டும்

பருத்தி இறக்குமதி வரியை 2025 ஆகஸ்ட் 19 அன்று ஒன்றிய அரசு தற்காலிகமாக நீக்கியது. கெடு, செப்டம்பர் 30. பிரேசிலிலோ மேற்கு ஆப்பிரிக்காவிலோ பேரம் முடித்து, தூத்துக்குடியில் பேல் இறங்கவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஆக, அன்றைய அறிவிப்பால் உடனே லாபம் பார்த்தவர்கள் ஏற்கெனவே கப்பலில் சரக்கு வைத்திருந்த பெரிய ஆலைகளும் வியாபாரிகளும்தான். வாரத்துக்கு வாரம் பணம் புரட்டிப் பஞ்சு வாங்கும் வேடசந்தூர் பக்கத்துச் சிறு நூற்பாலைக்காரர் செய்தியைப் படித்ததோடு சரி.

இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி ஆகஸ்ட் 27-ல் அமலுக்கு வர, மறுநாளே கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. 2026 ஜனவரி 1-ல் பழைய 11 சதவீதம் திரும்பிவிட்டது.

இந்த 11 சதவீதம் 2021 பட்ஜெட்டில் வந்தது. அடிப்படைச் சுங்கவரி 5, வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி 5, இரண்டின் மீதும் சமூகநலக் கூடுதல்வரி. மறு ஆண்டே கண்டி விலை ஒரு லட்சத்தை நெருங்கியதும் ஏப்ரல் 14 முதல் நீக்கினார்கள். அக்டோபர் கடைசியோடு மீண்டும் போட்டார்கள். ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, 55,000 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால் வரி மட்டும் 6,050 ரூபாய். கிலோவுக்கு 17 ரூபாய். கழிவு போக நூலாகும்போது இன்னும் கூடும். இறக்குமதியாவது நாட்டின் தேவையில் சிறு பங்குதானே என்று கேட்கலாம். உள்ளூர் வியாபாரி தன் பஞ்சுக்கு விலை சொல்வதே அந்த இறங்குவிலையைப் பார்த்துத்தான்.

மாதப் பிறப்பில் ஆலைகள் நூல் விலையை அறிவிப்பது திருப்பூர் வழக்கம். அந்த ஏற்ற இறக்கம் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்ப்பவர் வரை வந்து சேரும். துணி விலை ஏறியதென்று அவர் சேலை விலையை ஏற்ற முடியாது. பக்கத்து அடுக்கில் பாலியெஸ்டர் சேலை பாதி விலைக்குக் கிடக்கிறது. இன்னொரு வேடிக்கை: வங்கதேச ஆலைகள் வரியில்லாமல் பருத்தி வாங்குகின்றன, தெற்காசிய வர்த்தக ஒப்பந்தப்படி அந்நாட்டு ஆயத்த ஆடை சுங்கவரி இல்லாமல் நம் கடைகளுக்கு வருகிறது. திண்டுக்கல் நூலுக்கு மட்டும் வாசலிலேயே தண்டம்.

வரியை நீக்கினால் விவசாயி என்ன ஆவார் என்று விவசாயச் சங்கங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் நாட்டின் பெரும்பகுதிப் பருத்தி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் சந்தைக்கு வந்துவிடுகிறது. வட்டிக் கடனை வைத்துக்கொண்டு எந்த விவசாயியும் ஜூலை வரை பஞ்சைப் பூட்டி வைப்பதில்லை. ஏப்ரலுக்குப் பின் அது வியாபாரி கிடங்கிலோ இந்தியப் பருத்திக் கழகத்திடமோ இருக்கும். அப்போதும் தொடரும் வரி யாரைக் காக்கிறது? விதிவிலக்கு உண்டு. டெல்டாவின் கோடைப் பருத்தி ஜூன், ஜூலையில்தான் வெடிக்கிறது. அதற்குக் கொள்முதல் மையம் திறந்து, நீள இழைப் பருத்திக்கு 2025-26-ல் குவிண்டாலுக்கு அறிவித்த 8,110 ரூபாய் போன்ற ஆதார விலையைக் கையில் கொடுப்பதே முறை. வரியை மட்டும் நம்பச் சொல்வது கைகழுவல்.

சமையல் எண்ணெயிலும் இதே கதை. 2024 செப்டம்பர் 14-ல், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கையில், கச்சா பாமாயில் மீதான மொத்த வரி 5.5-லிருந்து 27.5 சதவீதமாகத் தாவியது. சோயா விவசாயிக்காக என்றார்கள். 2025 மே இறுதியில் 16.5 ஆகக் குறைத்தார்கள். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில் வீடுகளுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பரோட்டாக் கடைகளுக்கு அதுவும் இல்லை. டின் எண்ணெய் ஏறினால் மாவு உருண்டை சிறுக்கும். விலையை ஏற்றினால் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பருத்திக்கு வரி இல்லை என்று நிரந்தரமாக அறிவிக்க வேண்டும். பஞ்சோ எண்ணெயோ, வரியில் எந்த மாற்றம் செய்தாலும் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எண்ணெய் வரியைப் பண்டிகைக் காலத்தில் ஏற்றவே கூடாது. இது முடியாத காரியமல்ல. 32 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள மிக நீள இழைப் பருத்திக்கு 2024 பிப்ரவரி 20 முதல் வரியை எடுத்தபோது, கெடுத் தேதி எதையும் அரசு வைக்கவில்லை. உயர்ரக நூல் நூற்கும் ஆலைகளுக்குக் கிடைத்த அந்த நிம்மதியைச் சாதாரணப் பருத்தியை நம்பியிருக்கும் வேடசந்தூர் ஆலைகளுக்கும் ஆண்டில் ஆறு மாதமாவது கொடுக்கலாம்.