படத்தில் இல்லாத பூக்கள்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். என் மேசையில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அடியில் 80 செ.மீ. அகலத்துக்கு ஓர் அரண்மனை விரிந்து கிடக்கிறது. பயிற்சிக்காக சியோல் போனபோது வாங்கிய விரிப்பு அது. புதிதாகச் சேர்ந்த பெண் குனிந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது சீனாப் படமா?” என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விரிப்பின் முன்னும் பின்னும் எங்கேயும் படத்தின் பெயர் போடவில்லை.

அதன் பெயர் டோங்க்வோல்டோ. கிழக்கு அரண்மனைகளின் படம் என்று பொருள். சாங்டொக்குங், சாங்கியோங்குங் என்ற இரண்டு அரண்மனைகளையும் அவற்றின் பின்னால் இருக்கும் அரசத் தோட்டத்தையும் 1826-க்கும் 1830-க்கும் இடையில் கொரிய அரசவை ஓவியர்கள் பட்டில் வரைந்தார்கள். மூலத்தின் அகலம் 576 செ.மீ., உயரம் 273 செ.மீ. இன்று இருப்பவை இரண்டு மூலப் பிரதிகள்: ஒன்று சியோலில் கொரியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், மற்றது பூசானில் டோங்-ஆ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில்.

அரசர் வீட்டு ஓவியத்தின் மேல் டீ டம்ளர் வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் பார்த்ததைவிட, இந்த விரிப்பில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வலது மேல் மூலையிலிருந்து பறவை பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார்கள். கூரை கூரையாக, மதில் மதிலாக, ஆயிரக்கணக்கான மரங்கள். ஒரு மனிதர்கூட இல்லை. தோட்டத்துக்குள் புயோங்ஜி குளம்: குளம் சதுரம், நடுவில் வட்டமான தீவு. பூமி சதுரம், வானம் வட்டம் என்ற நம்பிக்கையில் வெட்டியது. வாங்கி நாலு மாதம் கழித்துத்தான் இடப்பக்கத்தில் ஒரு ஜூனிப்பர் மரம் கண்ணில் பட்டது. சாய்ந்த கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருப்பதையும் ஓவியர் விடாமல் வரைந்திருக்கிறார். சுமார் 700 வயதான அந்த மரம் இன்றும் அங்கே நிற்கிறது, இன்றும் முட்டோடுதான்.

என் மனத்தாங்கல் வேறு. போன மாதம் சக ஊழியர் ஒருவர் அன்பாக ஒரு பென்சில் பை வாங்கி வந்து கொடுத்தார். அதே ஓவியத்தில் ஒரு துண்டு. ஆனால் குளத்தின் மேலும் கூரைகளின் மேலும் இளஞ்சிவப்பு செர்ரி இதழ்களைக் கம்ப்யூட்டரில் தூவியிருந்தார்கள். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஓவியத்தில் பூத்த மரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. செர்ரியோ அங்கே வேறு கதை. 1909-இல் ஜப்பானியர்கள் சாங்கியோங்குங்குக்குள் மிருகக்காட்சிசாலை திறந்தார்கள். மண்டபங்களை இடித்தார்கள், செர்ரி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள், 1911-இல் அரண்மனை என்ற பெயரையே எடுத்துவிட்டுப் பூங்கா ஆக்கினார்கள். பழைய பெயர் திரும்பியது 1983-இல்தான். அதன்பிறகு விலங்குகளையும் செர்ரிகளையும் வெளியேற்றி, இடிந்ததை மீண்டும் கட்டியபோது, எந்த மண்டபம் எங்கே இருந்தது என்று சொன்ன சாட்சிகளில் முக்கியமானது இந்த ஓவியம். அந்தச் சாட்சியின் மேலேயே செர்ரியைத் தூவினால் எப்படி?

பையில் பூ போட்ட கைக்கு இது தெரிந்திருக்காது. தெரியப்படுத்த வேண்டியது விற்பவரின் பொறுப்பு. பிரதி எடுக்கட்டும், பென்சில் பை, பேனா ஸ்டாண்டு, விரிப்பு எல்லாவற்றிலும் அச்சடிக்கட்டும், நான் காசு கொடுத்து வாங்குகிறேன். படத்தின் பெயர், காலம், மூலம் இருக்கும் இடம் இந்த மூன்றையும் ஓரத்தில் ஒரு வரியாகப் போடட்டும். வெட்டினால் வெட்டிய துண்டு என்று சொல்லட்டும். வரைந்தவர்கள் வரையாத எதையும் சேர்க்க வேண்டாம்.

என் விரிப்பின் ஓரத்தில் படத்தின் பெயரைத் தமிழிலும் கொரிய மொழியிலும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது மதிய இடைவேளையில் வந்து நிற்கிறாள். நேற்று ஜூனிப்பர் மரத்தை நான் காட்டாமலே கண்டுபிடித்துவிட்டாள்.