வேடர் கலைக்கு உரியவர் யார்?

மாத்தளையிலிருந்து நாவுல நோக்கி வரும் வழியில் நாலந்தா கெடிகே என்றொரு பழைய கற்கோயில் நிற்கிறது. பல்லவர் சிற்ப முறையும் பௌத்த மரபும் கைகோத்த கோயில். மகாவலித் திட்டத்தின்கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, நீரில் மூழ்கவிருந்த அக்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டு நிலத்திலே திரும்பவும் எழுப்பினார்கள். நற்செயல்; பாராட்டுகிறோம். ஆனால், அதே மகாவலித் திட்டம் இந்நாட்டின் ஆதிக்குடிகளான வேடரை எவ்வாறு நடத்திற்று என்பதையும் கேட்கவேண்டாமா?

1983ஆம் ஆண்டு நவம்பரில் மாதுறு ஓயாக் காடு தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வேட்டையாடியும் தேனெடுத்தும் சேனைப் பயிர் செய்தும் வாழ்ந்த மக்கள், தம் காட்டிலேயே அத்துமீறிப் புகுந்தோர் ஆயினர். பல குடும்பங்கள் ஹெனானிகலக் குடியேற்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. முதுபெருந் தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு அசைய மறுத்தார். 1998இல் மறையும்வரை அம்மறுப்பிலேயே நின்றார். கல்லுக்குக் காட்டிய கருணையில் கால்வாசியேனும் மனிதருக்குக் காட்டப்பட்டதா?

"இதற்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்போர் உளர். கிரிகொறஹா என்பது வேடரின் சடங்காட்டம். தேங்காய்ப்பால் நிறைந்த கலத்தைச் சுற்றி, அம்புத்தலையைக் கையிலேந்திப் பூசகர் ஆடுவார். வேட்டை வாய்க்க முன்னோர் ஆவிகளை அழைக்கும் ஆட்டம் அது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். வேட்டையைக் குற்றமாக்கிவிட்டு, வேட்டைக்குரிய ஆட்டத்தை மட்டும் உல்லாசப் பிரயாணிகள் முன் ஆடச் சொல்வது என்ன நியாயம்? உழவனிடமிருந்து வயலைப் பறித்துக்கொண்டு, பொங்கற் போட்டிக்குப் பானையோடு வா என்றழைத்தால் நம்மவர் பொறுப்பரா? வேடர் கலைக்கு முதல் உதவி காட்டுக்குள் செல்லும் உரிமையே. மேடையும் மத்தளமும் அதற்குப் பிறகு.

அடுத்தது சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்து 24ஆம் பிரிவைப் படியுங்கள். நாட்டார் கலை வெளிப்பாடுகளை இலாபத்துக்காகப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. கேட்க இனிக்கிறது. அனுமதி கொடுப்பவர் யார்? அக்கலையைப் பெற்று வளர்த்த சமூகமா? இல்லை, விதிக்கப்படும் ஓர் அதிகாரபீடம். வசூலாகும் கட்டணம் யாருக்கு? "கலாசார அபிவிருத்திக்கு" என்கிறது சட்டம். எவருடைய கலாசாரம், எந்த ஊரின் அபிவிருத்தி என்ற சொல் அங்கே இல்லை. வீடு வேடருடையது, திறப்பு அதிகாரியுடையது, வாடகை திறைசேரிக்கு! 2007இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்திய நாடு இலங்கை. தம் பண்பாட்டு மரபைத் தாமே ஆளும் உரிமை அம்மக்களுக்கு உண்டென்று அப்பிரகடனத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. வெளியே ஒரு கை, வீட்டிலே ஒரு கை!

"அவர்களுக்கு நிர்வாகம் தெரியாது, பணத்தைக் கொடுத்தால் பாழாகும்" என்ற வாதமும் எழும். அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். 1966இல் அந்நாடு வெளியிட்ட ஒரு டொலர் நோட்டிலே, டேவிட் மலாங்கி என்ற ஆதிக்குடி ஓவியர் மரப்பட்டையில் தீட்டிய சித்திரம் அவரைக் கேளாமலே அச்சாயிற்று. விஷயம் வெளிப்பட்டபின் ஆயிரம் டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். ஆறே ஆண்டில், 1972இல், பப்புனியா என்னும் பாலைநிலக் குடியேற்றத்தின் ஓவியர்கள் தாமே உரிமையாளராக ஒரு கம்பனியை நிறுவினர். அவர்களும் அரசாங்கத்தால் சொந்த நிலத்திலிருந்து கொண்டுவந்து குவிக்கப்பட்டவர்களே. எந்தக் கோலம் விற்பனைக்குரியது, எது புறத்தார் கண்ணிற் படலாகாத இரகசியம் என்பதையும் மூத்தோரே வகுத்தனர். பப்புனியா துலா என்னும் அந்நிறுவனம் உலகறிந்த பெயராயிற்று. பாழாகவில்லை!

தமிழராகிய நாம் இவ்விடயத்தில் குற்றமற்றவர்களா? வாகரையிலும் மூதூர்ப் பகுதியிலும் வாழும் கடற்கரை வேடர் தமிழ் பேசுவோர். குடிசன மதிப்பீட்டில் 1911இல் ஐயாயிரத்துக்கு மேலிருந்த வேடர் தொகை 1963இல் ஏறத்தாழ 400 ஆயிற்று. இறந்தா போனார்கள்? பதிவேட்டிலே பலர் சிங்களவராகவும் தமிழராகவும் மாறினார்கள். ஏட்டிலே பெயர் இல்லாதவனுக்கு நாட்டிலே இடமில்லை என்பதை 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருக்குக் கற்பித்தது. அப்பாடத்தைப் படித்த நாமே, வாகரை வேடரை நம் தொகையைப் பெருக்கும் எண்களாக்கலாமா? வேடர்மகள் வள்ளியைத் தேரேற்றி வணங்குகிறோம்; கண்ணப்பருக்குக் குருபூசை எடுக்கிறோம். ஆனால் "வேடன்" என்பதை வசைச் சொல்லாக வீட்டிலே வழங்குகிறோம்.

2020இல் பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயாப் பக்கத்துக் காடு சோளச் செய்கைக்காக வெட்டப்படுவதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றவர்களுள் இன்றைய தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவும் ஒருவர். வழக்காடத் தெரிந்தவருக்குக் கணக்கெழுதத் தெரியாதென்பது யாருடைய கண்டுபிடிப்போ!

24ஆம் பிரிவைத் திருத்தவேண்டும். அனுமதியும் கட்டணமும் அந்தந்தச் சமூகத்தின் சபைக்கே உரியன என்று எழுதவேண்டும். கலைக்கென ஒதுக்கும் பணம் திணைக்களங்களைச் சுற்றிவராமல் நேரே அச்சபையைச் சேரவேண்டும். சடங்குக்கும் தேனுக்கும் காட்டுக்குள் செல்வோரை வனசீவராசிகள் அதிகாரிகள் மறிக்கலாகாது. தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரேனும் இத்திருத்தத்தைத் தனி உறுப்பினர் சட்டமூலமாகக் கொண்டுவரட்டும். வரைந்து கொடுக்க வழக்கறிஞர்கள் இருக்கிறோம், ஊதியம் வேண்டாம். ஆனால் அவ்வரைவு கொழும்புக்குப் போகுமுன் தம்பானைக்கும் வாகரைக்கும் போகவேண்டும். அங்குள்ள மூத்தோர் வெட்டச் சொன்ன வரியை வெட்டியபிறகே அச்சுக்குச் செல்லவேண்டும்.