கேட்காமல் கீறிய கோடு

கம்பஸ் பஸ் வல்லை வெளியைத் தாண்டும்போது மாரி காலத்தில் எல்லாருடைய தலையும் யன்னல் பக்கம் திரும்பும். நீரேரியில் கூழைக்கடாக்கள் நிற்கும், செங்கால் நாரைகள் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்றும் தெரியும். போனை எடுப்போம், படம் பிடிப்போம், ஸ்டேட்டஸ் போடுவோம். அச்சுவேலிச் சந்தி வருவதற்குள் மறந்துவிடுவோம். கரவெட்டியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கும் இந்தப் பறவைகளுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

போன மாரியில் எங்கட கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "இதுகளுக்கு ஏதும் சட்டம் இருக்கோ?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் சட்டம் படிக்கிற ஆக்கள் இல்லை, கலைப்பீடத்து ஆக்கள். ஆனால் ஒரு சட்டத்தை வாசித்து "இதில் எங்களை எங்கே காணேல்லை?" என்று கேட்க சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை.

சட்டம் இருக்கு. அதுவும் எங்கட பாட்டன்மார் காலத்துச் சட்டம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்டு, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. பெரிய திருத்தங்களில் இரண்டு 1993இலும் 2009இலும் வந்தன. தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கம், சரணாலயம் என்று நாங்கள் கேள்விப்படுகிற பெயர்கள் எல்லாம் இந்தச் சட்டத்தின் வகைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விதி. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், ஆக்கள் குடியிருக்கலாம். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டும்தான் வரலாம், உள்ளே போக அனுமதி வேண்டும். இயற்கை ஒதுக்கத்தில் மக்களின் பாரம்பரியத் தொழில்கள் தொடரலாம் என்பது பொதுவான விளக்கம்.

இந்த வித்தியாசம் எங்களுக்கு ஏன் முக்கியம்? வடமராட்சி கிழக்கைப் பாருங்கோ. சுண்டிக்குளம் 1938 பெப்ரவரியிலேயே பறவைகள் சரணாலயம் ஆனது. 2015 ஜூனில் அது தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது, 19,565 ஹெக்டேயர். அடுத்த வருசம், 2016இல், நாகர்கோவில் இயற்கை ஒதுக்கம் வந்தது. அதே காலத்தில் நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் என்று வடக்கில் வரிசையாகத் தேசியப் பூங்காக்கள் பிரகடனமாயின. போருக்குப் பிறகு வடக்கு முழுவதையும் ஆராய்ந்து செய்த சூழல் மதிப்பீடு ஒன்றின் பரிந்துரைகள் இதற்குப் பின்னால் இருந்தன. அந்த அளவில் யாரும் கனவு கண்டு கோடு கீறவில்லை. பறவைகள் உண்மை, கண்டல் உண்மை, கடற்புல் உண்மை.

ஆனால் நாகர்கோவில் என்றால் எங்கட வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது பறவை இல்லை. 1995 செப்டெம்பர் 22, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் விழுந்த குண்டு. பிறகு அந்தப் பக்கம் வருசக்கணக்காக முன்னரங்கப் போர்முனை, கண்ணிவெடி. ஆக்கள் இல்லாத இடத்தில் பற்றை வளரும். பற்றை வளர்ந்த இடம் வானத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரித்தான் தெரியும். இடம்பெயர்ந்தவன் திரும்பி வரும்போது உறுதி எரிந்திருக்கும், வேலி இருக்காது, எல்லைப் பூவரசும் இருக்காது. அப்போது "இது அரச காணி" என்று ஒரு வரைபடம் சொன்னால், அவன் எதைக் காட்டி மறுப்பான்?

கிழக்குக் கரையோரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவோடு கதைத்தோம். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "பிள்ளையள், எது ஏலாது எண்டு எல்லாரும் சொல்லுவினம். எது ஏலும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அந்த ஒரு வசனத்தோடு சட்டத்தைத் திரும்ப வாசித்தோம். ஒரு இடத்தைத் தேசிய ஒதுக்கமாக்க என்ன வேண்டும்? அமைச்சரின் கட்டளை, வர்த்தமானியில் ஒரு அறிவித்தல். அவ்வளவுதான். அந்த ஊர் மக்களிடம் முன்கூட்டிக் கேட்கவேணும், அவர்களின் ஆட்சேபனையைப் பதியவேணும் என்று இந்தச் சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை.

இதை எங்கட நாட்டின் இன்னொரு சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு பெரிய ஹோட்டலோ துறைமுகமோ கட்டுவதென்றால், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்கவேணும். கொங்கிரீட் போடுவதற்கு எங்களிடம் கேட்கிற அரசு, காட்டைக் காப்பதற்கு எங்களிடம் கேட்காது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஒரு இடத்தைச் சரணாலயமாக்கும்போது மாவட்ட ஆட்சியர் அந்தச் சுற்றுவட்டார ஊர்களில் அவர்களுடைய மொழியிலேயே அறிவித்தல் போட்டு, உரிமை கோருகிறவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுக்கவேணும் என்கிறது. அங்கு அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை. ஆனால் கேட்காமல் விட்டால் "ஏன் கேட்கவில்லை?" என்று நீதிமன்றம் போக ஒரு படியாவது இருக்கு. எங்களுக்கு அந்தப் படியே இல்லை.

"கேட்டால் மக்கள் மாட்டோம் என்றுதானே சொல்லுவினம்" என்று சில சூழல் ஆர்வலர்கள் சொல்வதுண்டு. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலைப் பார்க்கச் சொல்லுவோம். சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கு பறவையைக் காத்தது ஊர்ச்சனம். தீபாவளிக்கும் வெடி கொளுத்தாத ஊர் அது. 2020இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்க யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. தங்கட பறவை என்று நினைக்கிற ஊர்தான் எந்தக் காவலாளியையும் விட நல்ல காவல்.

கேட்காமல் கீறின கோட்டுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. அதைக் கேட்காமலே அழிக்கவும் பார்ப்பார்கள். மன்னார் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமானது. 2024 மே மாதம், நீருயிரின வளர்ப்புக்காக அதில் ஏறத்தாழ 168 ஹெக்டேயரை விடுவித்து ஒரு வர்த்தமானி வந்தது. எல்லையைக் குறைப்பதற்கு முன் சூழல் விளைவுகளை ஆராயவேணும் என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சூழல் அமைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போயின. நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது. சட்டத்தில் ஒரு நல்ல வரி இருந்தால் அது வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அழிக்கும்போது ஆராயச் சொல்கிற அந்த வரிக்கு ஒரு சோடி வரிதான் நாங்கள் கேட்பது: கீறும்போதும் ஆராயுங்கோ, மக்களோடு சேர்ந்து ஆராயுங்கோ.

இது தமிழருக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசலி முஸ்லிம்கள், இருபது வருசம் கழித்துத் திரும்பியபோது தங்கட பழைய இடங்களில் காடு நிற்கக் கண்டார்கள். அது வில்பத்துக் காட்டழிப்பு என்று தெற்கில் பெரிய சர்ச்சையானது. 2017இல் அந்தப் பகுதியை மாவில்லு வன ஒதுக்கமாக்கும் வர்த்தமானியில் அப்போதைய ஜனாதிபதி கையெழுத்து வைத்தது ரஷ்யாவில் நின்றுகொண்டு. அது வேறு சட்டம், வேறு திணைக்களம். ஆனால் முறை அதேதான். காட்டுக்கும் மனிதனுக்கும் இடையில் ஒரு மேசை போட்டு இருக்கவைத்துக் கதைத்திருந்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைத்திருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

இனி எங்களைப் பற்றியும் சொல்லவேணும். "காணி பிடிக்கிறாங்கள்" என்று கத்துவது சுலபம். மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று கரை நெடுக மணல் போய்க்கொண்டிருக்கு. இரவில் ஓடுகிற உழவு இயந்திரங்களை ஓட்டுபவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள் இல்லை, எங்கட பெடியள். அந்த மணல்மேடுகள்தான் மழைநீரைப் பிடித்துவைத்து, கடலுக்குப் பக்கத்திலும் கிணற்றில் நல்ல தண்ணி தருபவை. அந்த மணல் எங்கே போகுது? கரவெட்டியிலும் நெல்லியடியிலும் எழும்புகிற எங்கட மாடிவீடுகளுக்குள். நாங்கள் படுத்துறங்குகிற அறைச் சுவரிலும் அது இருக்கலாம். ஆகவே "சட்டமே வேண்டாம்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. சட்டம் வேணும். காவலும் வேணும். ஆனால் கள்ள மணல் ஏற்றுபவனையும் வீச்சுவலையோடு போகிற ஐயாவையும் ஒரே தட்டில் வைக்காத சட்டம் வேணும்.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. எந்த ஒதுக்கத்தையும் பிரகடனம் செய்ய முன், வரைபடத்தோடு தமிழில் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் அறிவித்தல் போடுங்கோ. குறைந்தது 30 நாள் தாங்கோ. எல்லைக்கல் போடும்போது கிராம அலுவலரையும் கடற்றொழிலாளர் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு போங்கோ. உறுதி தொலைத்தவன் தன் காணியை நிரூபிக்க வேறு வழி ஒன்று வையுங்கோ. எது ஏலாது என்று எழுதுகிற அதே பலகையில் எது ஏலும் என்றும் எழுதுங்கோ. ஏற்கெனவே கீறின கோடுகளுக்கும், சுண்டிக்குளத்திலிருந்து தொடங்கி, இதைச் செய்யலாம்.

எங்கட தலைமுறைக்கும் ஒரு வேலை இருக்கு. வர்த்தமானி வந்த பிறகு போராடத்தான் எங்களுக்குத் தெரியும். வர முன்னம் வாசிக்க, கேட்க, எழுதப் பழகவேணும். அடுத்த மாரிக்கும் வல்லையில் பறவை வரும். அப்போது போனை எடுக்கும் கையோடு அந்தக் கரையில் வலை வீசுகிறவரிடமும் ஒருக்கால் கதை கேட்போம். பறவை எப்ப வரும், எங்கே மேயும், எப்ப போகும் என்று எங்களை விட அவருக்குத் தெரியும். கோடு கீற முன்னம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைஞ்சுபோகும்?