இரக்கத்துக்கும் கோப்பு வேண்டும்

1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் ஒரு படம் காட்டினார்கள். கொரியப் போரில் அநாதையான குழந்தைகளைப் பற்றி, வேர்ல்டு விஷன் அமைப்பைத் தொடங்கிய பாப் பியர்ஸ் கொண்டுவந்த படம். அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து, சீந்துவாரற்றுக் கிடந்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பார்த்தவர்களில் ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியும் உண்டு. பக்கத்து ஊரான கிரெஸ்வெல்லில் விவசாயம். ஹாரி இதயநோயாளி, சொந்தப் பிள்ளைகளே ஆறு பேர். இருந்தும் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க முடிவு செய்தார்கள். அன்றைய அகதிகள் சட்டமோ ஒரு குடும்பத்துக்கு இருவர் என்று வரம்பு கட்டியிருந்தது. அந்த ஒரு வீட்டுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1955இல் தனிச் சட்டமே இயற்றியது. அக்டோபரில் ஹாரி 12 குழந்தைகளோடு வந்திறங்கினார். எட்டு பேர் அவர் வீட்டுக்கு, நான்கு பேர் மற்ற வீடுகளுக்கு.

செய்தி பரவியதும் தங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. 1956இல் ஹோல்ட் தத்துத் திட்டம் பிறந்தது.

மத நம்பிக்கையின் உந்துதலில் தத்து நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் அந்தத் திட்டத்தின் முதல் ஐந்தாண்டுகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களிடம் ஹாரி முதலில் கேட்டது, அவர்கள் இரட்சிக்கப்பட்ட கிறிஸ்தவர்களா என்பதை. குடும்பத்தின் வருமானம், மணவாழ்க்கை, குழந்தை வளர்க்கும் பக்குவம் இவற்றையெல்லாம் தேர்ந்த சமூகப் பணியாளர் வீடு தேடிப் போய் ஆராய்வது அவர் கண்ணுக்கு வீண் தாமதமாகப்பட்டது. பெற்றோர் கொரியாவுக்குப் போகவே வேண்டாம். அவர்கள் சார்பில் பதிலாள் அங்குள்ள நீதிமன்றத்தில் தத்தை முடித்துவிடுவார். குழந்தை தனி விமானத்தில் வந்து சேரும். அமெரிக்கக் குழந்தைகள் நல லீக் எதிர்த்தது. சர்வதேச சமூக சேவை அமைப்பும் எதிர்த்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் பதிலாள் முறைக்கு முடிவு கட்டியது.

ஹாரியின் நோக்கத்தில் குறை காண இடமில்லை. 1964இல் அவர் இறந்தது கொரிய மண்ணில்தான். மகள் மோலி செவிலியராகப் போய், எவரும் தத்தெடுக்க முன்வராத மாற்றுத்திறன் பிள்ளைகளோடு இல்சான் இல்லத்திலேயே வாழ்ந்து 2019இல் மறைந்தார். இப்படிப்பட்டவர்கள் தொடங்கிய வேலை என்பதால்தான் அதன் ஓட்டைகளை இத்துறையினர் பேசியாக வேண்டும். கெட்டவர்களின் தவறைச் சட்டம் பிடித்துவிடும். நல்லவர்களின் அவசரத்தைப் பிடிப்பது கடினம்.

அவசரத்தில் முதலில் அடிபடுவது குழந்தையின் கோப்பு. தென்கொரியாவிலிருந்து வெளிநாடு போன குழந்தைகள் ஏறக்குறைய 2 லட்சம். போர் முடிந்து ஒரு தலைமுறை கடந்த 1980களில்தான் அந்த எண்ணிக்கை உச்சம் தொட்டது. பல நிறுவனங்கள் இறங்கி, அரசும் துணை நின்ற தொழிலாக அது மாறியிருந்தது. பிற நாடுகளில் வளர்ந்த 367 பேர் கொடுத்த புகார்களை விசாரித்த தென்கொரிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2025 மார்ச்சில் தன் முதற்கட்ட முடிவை வெளியிட்டது. பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகள் அநாதைகள் என்று பதிவானதும், ஒரு குழந்தையின் அடையாளத்தில் வேறு குழந்தை அனுப்பப்பட்டதும் அதில் உண்டு. நடுவயதில் தாயைத் தேடி சியோலுக்கு வருகிறவருக்கு அந்தக் கோப்பைத் தவிர வேறு துணை கிடையாது. அதுவே பொய் என்றால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

பிரிட்டனில் கிரிஷ் காண்டையா தொடங்கிய ‘ஹோம் ஃபார் குட்’ வேறு வழியில் போனது. தேவாலயங்களில் பேசித் தத்துக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் குடும்பங்களை முன்வர வைப்பது, பிறகு அந்தக் குடும்பங்களுக்குத் தோள்கொடுப்பது: இவையே அதன் வேலை. யார் தகுதியானவர் என்பதை முடிவு செய்வது அதிகாரம் பெற்ற தத்து முகமைகள். இவ்விதழின் கணிப்பில், சமய அமைப்புக்குப் பொருந்தும் இடம் அதுதான். ஆட்களைத் திரட்டும் ஆற்றல் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் உண்டு. வீட்டு ஆய்வு தனிப் பயிற்சி கேட்கும் வேலை.

யார் தகுதியானவர் என்பதைச் சமய அமைப்பு முடிவு செய்யலாமா என்ற கேள்வி இந்தியாவில் 2015இல் நேரடியாகவே எழுந்தது. மணமாகாதவர்களும் விண்ணப்பிக்க இடம் தந்த புதிய தத்து விதிகளை ஏற்க முடியாது என்று, அன்னை தெரசாவின் மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டி தன் தத்து மையங்களின் அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நிலைப்பாட்டை ஏற்காதவர்கள்கூட ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உள்ளே இருந்துகொண்டு விண்ணப்பங்களைச் சத்தமில்லாமல் வடிகட்டுவதைவிட வெளியேறுவது நேர்மை.

புதிதாக நிறுவனம் பதிவு செய்யப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுமுன் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரை முழுநேரமாக நியமியுங்கள். பிறந்த இடம், ஒப்படைத்தவர், நாள் என ஒவ்வொரு விவரத்தையும் அன்றன்றே எழுதிப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாற இளைஞர் நீதிச் சட்டம் தரும் 60 நாளை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும், சட்ட நடைமுறையைத் தாண்டிக் குழந்தையைக் கைமாற்றுவது அந்தச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.