கட்டி கரைஞ்சாச்சு... மூச்சு ஏன் இன்னும் வாங்குது?

நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டி கரைந்துவிட்டால், 'அப்புறம் என்ன, வேலைக்குக் கிளம்பு' என்கிறார்கள் வீட்டில். ஆனால், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நெஞ்சு சுருக்கென்றால், 'திரும்ப வந்துடுச்சோ' என்ற பயத்தில் தூக்கம் போகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. கனடாவில் 100 நோயாளிகளிடம் நடந்த 'எலோப்' ஆய்வில், ஓராண்டு கழித்தும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உடற்பயிற்சித் திறன் குறைந்தே இருந்தது.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், 3 முதல் 6 மாதங்களில் மறுபரிசோதனை தேவை என்கிறது. அன்று மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. 'படியேற முடியுதா, தூக்கம் வருதா?' என்று டாக்டர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நோயாளியே சொல்லிவிடுவது நல்லது. மூச்சுத்திணறல் நீடித்தால், நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.