படம் காட்டினால் போதுமா?

அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும் முன்பு ஸ்லைடு போடுவார்கள். "புகை பிடிக்காதீர்கள்" என்று ஒரு ஸ்லைடு. சோப்பு விளம்பரம் ஒரு ஸ்லைடு. பார்த்தவர்கள் பார்ப்பார்கள். முறுக்கு வாங்கப் போகிறவர்கள் போவார்கள். ஸ்லைடைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்போது ஸ்லைடு செல்போனுக்கு வந்துவிட்டது. மதுரையில் ஆசிரியர் ஒருவர் தம் கம்ப்யூட்டரில் படங்களை வரிசையாகக் காட்டிப் பேசுகிறார். தேனியிலும் திருச்சியிலும் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே பார்க்கிறார்கள். டாக்டர்கள் இப்படிப் பேசுகிறார்கள். விவசாயிகளுக்குப் பயிர் நோய் பற்றிப் படம் காட்டுகிறார்கள்.

நல்ல வசதிதான். ஆனால், பேசுகிறவர்கள் பலர் இன்னும் கொட்டகை ஸ்லைடு போலவே நடந்துகொள்கிறார்கள். ஐம்பது ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் இருபது வரி. திரையில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். எதிரே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் இருந்தால், இரண்டு வரி படிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடுகிறது.

இதற்கு நேரடியாகப் பேசுவானேன்? பதிவு செய்து அனுப்பிவிடலாமே! பார்ப்பவர்கள் நிறுத்தி நிறுத்தியாவது பார்ப்பார்கள்.

மேடையில் ஓர் அதிசயம்

நேரடியாகக் காட்டுவதில் உள்ள லாபம் ஒன்றே ஒன்றுதான். கேட்கிறவரும் பேசலாம்! இதைத் தொடக்கத்திலேயே செய்து காட்டியவர், அமெரிக்க விஞ்ஞானி டக்ளஸ் எங்கெல்பார்ட்.

1968-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. சான்பிரான்சிஸ்கோ நகரில் அவர் மேடையில் உட்கார்ந்தார். எதிரே சுமார் ஆயிரம் பேர். அவர் இயக்கிய கம்ப்யூட்டர் அங்கே இல்லை. சுமார் 48 கிலோ மீட்டர் தூரத்தில், மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்தது. அங்கிருந்து படம் ரேடியோ அலையில் வந்து, பெரிய திரையில் விழுந்தது. 'மவுஸ்' என்ற கருவியை அன்று கூட்டத்தார் பார்த்தார்கள். இன்று அது இல்லாத ஆபீஸ் உண்டா?

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் நடந்தது. மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரின் முகம் திரையின் ஓரத்தில் தெரிந்தது. இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டார்கள். 90 நிமிடம் கழித்து, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அன்று அதற்கு ஒரு பட்டாளமே பாடுபட்டது. இன்று ஒரு செல்போன் போதும்.

மூன்று விநாடி

'ஜூம்' கூட்டங்களில் கலந்துகொண்டோர் எண்ணிக்கை 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு 1 கோடி. கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் அது 30 கோடி ஆகிவிட்டது! (ஒருவர் மூன்று கூட்டத்துக்குப் போனால் மூன்று என்று எண்ணும் கணக்கு இது.)

அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு செல்போன். அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் படித்தார்கள். "புரிந்ததா?" என்று டீச்சர் கேட்பார். தங்கை மைக் பொத்தானைத் தேடுவாள். அதற்குள், "சரி, அடுத்த பாடம்!" வகுப்பில் என்றால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். திரையில் அவள் பெயர் மட்டும்தானே தெரிகிறது!

மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை வகுப்பறைகளில் இதைக் கவனித்துப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு, சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது, அதிகப் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். பதிலும் நீளமாக வந்தது. 1974-ல் அவர் இதை வெளியிட்டார்.

அது எதிரெதிரே இருக்கும் வகுப்பு. இங்கே குரல் போய்ச் சேரவே நேரம் ஆகிறது. சில நேரடி ஒளிபரப்புகள் பல விநாடி தாமதமாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. அப்புறம் பதிலை எழுத வேண்டும். ஆகவே கேள்வி கேட்டவர் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பேசாமல் இருப்பது சங்கடம்தான். இருந்தாலும் எண்ண வேண்டும்.

"நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக் கடை ஆகிவிடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கை தூக்கும் பொத்தான் இருக்கிறது. எழுதிக் கேட்க இடம் இருக்கிறது. வகுப்பில் எழுந்து நிற்கக் கூச்சப்படும் பிள்ளைகூட எழுதிக் கேட்டுவிடும். இந்த விஷயத்தில் திரை, வகுப்பறையைவிட மேல்! ஆனால் எழுதியதை யாராவது படிக்க வேண்டுமே. பேசுகிறவருக்கு ஸ்லைடு தள்ளவே நேரம் போதவில்லை. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, கேள்விகளை வாசிக்கச் சொன்னால் என்ன?

இப்போது நடப்பது வேறு. ஐம்பதாவது ஸ்லைடில், "சந்தேகம் உண்டா?" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கூட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கிறது. பாதிப் பேர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த ஸ்லைடு ஐந்தாவதாக வந்திருக்க வேண்டியது.